ஐந்தாம் கலம்

எர்ணாவூர் மேம்பாலம் இறங்கி
கால்வாய்ப் பக்கம் திரும்பினால்
தகரக் கொட்டகை.
எதில் பாசி நன்றாக வளர்கிறது என்று
பார்த்துச் சொல்ல எனக்குத் தொண்ணூறு நாள்.
மாசம் பதினெட்டாயிரம்.

அறிக்கையில் முதலில் ‘பாத்திரம்’ என்றுதான் எழுதினேன்.
சாம்பார் வாசனை வருகிறது என்றார் கிண்டி அதிகாரி.
‘கலம்’ என்று மாற்றினேன்.

ஒன்று, குளம்.
ஓட்டப்பந்தயத் தடம்போல் நீள்வட்டம்,
முழங்காலுக்குக் கீழே ஆழம்,
நாளெல்லாம் நீரைத் தள்ளும் துடுப்புச் சக்கரம்.
மலிவு. ஆனால் திறந்த வாய்.
வடக்கே காற்று எழும்பினால் சாம்பல் விழும்,
காக்கை நழுவவிட்ட இறால் தலை விழும்,
ஒரு நாள் யார் வீட்டுப் பந்தோ விழுந்தது.
பதினேழாம் நாள் நுண்ணோக்கியில்
கண்ணாடி உடம்போடு ஏதோ ஒரு ஜந்து
வாயைச் சக்கரமாய்ச் சுழற்றி
என் பாசியைத் தின்றுகொண்டிருந்தது.
தின்ற பச்சை வயிற்றில் தெரிந்தது.

இரண்டு, குழாய்.
நூற்றிருபது மீட்டர் கண்ணாடி
மடிந்து மடிந்து ஒரு சுவராக நிற்கிறது.
பார்க்க வருகிறவர்கள் எல்லாரும்
இதன் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
உள்ளே எதுவும் நுழையாது.
வெளியே எதுவும் போகாது என்பதும் அதில் அடக்கம்:
பாசி விடுகிற பிராணவாயு குழாயிலேயே தேங்கி
பாசியைத் திணறடிக்கும்.
மே மாதம், மதியம் இரண்டு மணி,
உள்ளே நாற்பத்து மூன்று டிகிரி.
குளிர்விக்க லாரித் தண்ணீர்.
தெருவில் குடத்தோடு நிற்கிறவர்களைத் தாண்டித்தான்
அந்த லாரி எங்களிடம் வரும்.

மூன்று, தட்டை.
இரண்டு கண்ணாடிப் பலகை, நான்கு விரல் இடைவெளி.
முன்னும் பின்னும் வெயில் குடிக்கும்.
லிட்டருக்கு இரண்டு கிராம், மற்ற எதுவும் கிட்டே வரவில்லை.
மூலைப் பசை விட்டு ஒழுகும்.
நான் ஒரு வாளி வைத்திருக்கிறேன்.
வாளியிலும் வளர்கிறது.

நான்கு, பை.
இரும்புக் கம்பியில் தொங்கும் பிளாஸ்டிக்,
ஆள் உயரப் பால் பாக்கெட் மாதிரி,
அடியிலிருந்து குமிழி.
கிழிந்தால் பம்ப் பார்க்கிற தேசப்பன்
சைக்கிள் பஞ்சர் ஒட்டுவார்.

ஒரு ராத்திரி கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.
குழாயில் பச்சை கீழே இறங்கி
கோடாகப் படுத்தது.
குளத்தைத் துடைப்பக் கட்டையால் கலக்கினோம்.
பைகளைத் தூளிபோல் ஆட்டினோம்,
அவர் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை,
மூன்றே கால் வரை, பேசாமல்.

கரண்ட் வந்த பிறகு டார்ச் வெளிச்சத்தில்
என் தாளை எடுத்துப் படித்தார்.
“கலம்னா போட்டு இல்ல, பெனசீர் மேடம்?”
அதுவும்தான் என்றேன்.
“அப்போ என்னுதையும் வந்து பாரு.”

அவர் சந்து முனையில் கவிழ்க்காமல் விட்ட ஃபைபர் படகு.
எஞ்சினை விற்று மகளுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டியாயிற்று.
போன மழைத் தண்ணீர் நடுவயிற்றில் நிற்கிறது,
நல்ல அடர்பச்சை.
வெள்ளை உள்பக்கம் வெயிலைத் திருப்பி அடிக்க,
சரிவான ஓரம், ஆழமில்லாத நடு.
பம்ப் இல்லை. பில் இல்லை.
பிள்ளைகள் ஏறி ஆட்டும்போது கலங்கிக்கொள்ளும்.
கால் லிட்டர் எடுத்துப் போய் எடை போட்டேன்.
அரை கிராமுக்கு மேல்.
என் குளத்தைவிடக் கூட.

என்ன இனம் என்று தெரியவில்லை, ஏழெட்டு கலந்திருக்கிறது,
அதனால் அட்டவணையில் ஏற்ற முடியாது.
கொசுப்புழுவும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை மாநகராட்சிக்காரர்கள் வந்தார்கள்.
டெங்கு. அபராதம் ஐந்நூறு என்றார்கள்.
நாலு பேராகப் பிடித்துக் கவிழ்த்தார்கள்,
தேசப்பனும் ஒரு பக்கம் பிடித்தார்.
தெருவில் பச்சை ஓடி, ஒரு பைக் சக்கரத்தைச் சுற்றி,
கால்வாய்க்குப் போயிற்று.

அட்டவணையில் நான்கு வரி.
தட்டை முதலிடம், செலவுப் பத்தியைப் பார்க்காதவரைக்கும்.

கால் லிட்டர் பாட்டில் மட்டும் என் ஜன்னலில் இருக்கிறது.
இனம் எழுத வேண்டிய இடத்தில்
தேசப்பன் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.
குலுக்க மறந்த நாட்களில்
அது வெளிச்சம் வரும் பக்கமாக
ஒதுங்கி நிற்கிறது.